விற்றுத் தீர்ந்த பெட்டிகள்

ரிப்பேர்க்காரர் கட்டிலை விட்டு இறங்க வேண்டுமானால் முதலில் வலது காலைத் தூக்கி ஓர் அட்டைப்பெட்டியின் மேல் வைக்க வேண்டும். பிறகு இடுப்பைத் திருப்பி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலைச் சுவருக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவில் இருக்கிற சந்தில் இறக்க வேண்டும். வயசான மனுஷன், மூட்டில் ஏற்கெனவே வலி. தினமும் காலையில் இந்தச் சர்க்கஸ்.

பெட்டி முழுக்கக் ‘கருங்கோட்டை’. கறுப்புக் கவசம் போட்ட ஒருவன் கையில் வாளோடு முறைத்துக்கொண்டு நிற்பான். பெட்டிக்குப் பெட்டி அவன்தான். கண் விழித்தால் அவன் மூஞ்சி, விளக்கை அணைக்கும்போதும் அவன் மூஞ்சி.

போன வருஷம் இந்த ஊரில் மிக அதிகமாக விற்ற வீடியோ கேம் அதுதான் என்று அன்றைக்குப் பேப்பரில் போட்டிருந்தது. ரிப்பேர்க்காரர் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்கார்ந்தவர் அல்ல. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். கூட்டிப் படித்தாலும் அர்த்தம் ஒன்றுதானே. ‘விற்பனையில் முதலிடம். முன்கூட்டியே துல்லியமாகக் கணித்த கடைக்காரர் சங்கச் செயலாளருக்குப் பாராட்டு.’ பக்கத்தில் கோட்டுப் போட்ட செயலாளர் கையில் கேடயத்தோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

“ஏம்மா, இங்க வா. உங்கப்பா பேப்பர்ல சிரிக்கிறாரு” என்று மருமகளைக் கூப்பிட்டார்.

செயலாளர் வேறு யாரும் இல்லை, அவருடைய சம்பந்தி. மருமகளைப் பெற்ற அப்பா. அவருக்கும் ஊரில் ஒரு கேம் கடை உண்டு.

மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். பாத்திரம் உருட்டுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

ரிப்பேர்க்காரருக்குப் பேர் அப்படி வந்தது பழைய கதை. அவர் டிவி ரிப்பேர் பண்ணியவர். ஜனங்கள் கெட்ட டிவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கப் பழகியதும் கடை ஈ ஓட்டியது. மகன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். கல்யாணமாகி வந்த மருமகளுக்கு வீடியோ கேம் என்றால் உயிர். ஆடவும் தெரியும், யாருக்கு எது பிடிக்கும் என்று பேசவும் தெரியும். அவள் சொல்லித்தான் கடையைக் கேம் கடையாக மாற்றினார்கள். அவர் பின்பக்கம் உட்கார்ந்து பழுதான கேம் கைப்பிடிகளைக் கழற்றி மாட்டுவார். முன்பக்கம் அவள் ராஜ்ஜியம். நன்றாகத்தான் போனது, சங்கத்தில் சேருகிற வரைக்கும்.

சேராமல் இருக்கவும் முடியாது. சின்னக் கடைக்குத் தனியாகச் சரக்கு கொடுக்கக் கம்பெனிக்காரன் இறங்கி வரமாட்டான். ஊரில் இருக்கிற கேம் கடைகள் எல்லாம் சங்கமாகக் கூடி, ஒரே ஆர்டராகப் போட்டால்தான் வண்டி வரும். அதுவரை நியாயம். அதற்கு மேல்தான் செயலாளர் ஒரு வழக்கம் கொண்டு வந்தார். வருஷ ஆரம்பத்தில் பொதுக்கூட்டம் போட்டு, ‘இந்த வருஷம் மிக அதிகம் விற்கப்போகிற கேம் இதுதான்’ என்று மேடையில் அறிவிப்பார். அப்புறம் எல்லாக் கடையும் முன் அலமாரி முழுக்க அதைத்தான் அடுக்க வேண்டும். ஆர்டரில் முக்கால்வாசி அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்குக் கூட்டத்திலேயே ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுத் தர வேண்டும். கூட்டு ஆர்டரில் வந்த சரக்கைக் கம்பெனி திருப்பி எடுக்காது.

வருஷக் கடைசியில் பார்த்தால் அவர் சொன்னதுதான் முதலிடத்தில் இருக்கும். ஒரு வருஷம்கூடத் தப்பினதில்லை. அதனால் அவருக்கு ஜோசியர் என்று பட்டம். கம்பெனிக்காரன் வருஷா வருஷம் அவரை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டுக் கண்காட்சிக்குக் கூட்டிப் போனான். வந்து ஒரு மாசத்துக்கு அந்தக் கதைதான் பேசுவார்.

போன வருஷம் முழுக்கக் கடைக்கு வந்தவர்களை மருமகள் திருப்பி அனுப்பியதுதான் மிச்சம். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி வந்தாள். வீட்டுக்காரரோடு சேர்ந்து ஆடுகிற மாதிரி, வெட்டு குத்து இல்லாமல் ஏதாவது வேண்டும் என்றாள். வீட்டுச் சாமானை எல்லாம் லாரியில் ஏற்றி, உடையாமல் கொண்டுபோய் இறக்குகிற கேம் ஒன்று இருக்கிறது, இரண்டு பேர் ஆடலாம், ஆடினால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். மருமகளுக்குத் தெரியும், சொன்னாள். ஆனால் கடையில் இல்லை. லாரி டிரைவர் ஒருத்தர் மீன் பிடிக்கிற கேம் கேட்டார். நாள் முழுக்க லாரி ஓட்டுகிற மனுஷன், கொஞ்சம் தண்ணியைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம் என்று ஆசைப்பட்டார். அதுவும் இல்லை.

“என்னதான்மா இருக்கு?” என்றார் டிரைவர்.

“கருங்கோட்டை இருக்கு.”

“அப்புறம்?”

“கருங்கோட்டை இருக்கு.”

டிரைவர் சிரித்துவிட்டுப் போனார். போனவர் திரும்பி வரவில்லை.

விற்காத பெட்டி கடையில் இடத்தை அடைத்தது. கடையில் அடுக்கி வைத்தால் பார்க்கிறவன் சிரிப்பான் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஹாலில் கொஞ்சம், பரணில் கொஞ்சம், மீதி ரிப்பேர்க்காரர் அறையில். நடுவில் சங்கக் கூட்டம் நடந்தபோது ஒவ்வொரு கடைக்காரனும் மீசையை நீவிக்கொண்டு, “எனக்கு வந்த வாரமே காலி”, “என் கடையில இன்னும் சரக்கு வருமான்னு கேக்குறாங்க” என்று அளந்தான். ரிப்பேர்க்காரர் என்ன சொன்னார்? “நமக்கும் பரவாயில்ல” என்றார். வேறென்ன சொல்வது? ஊரே விற்றிருக்கும்போது தனக்கு மட்டும் விற்கத் தெரியவில்லை என்று எவன் வாயைத் திறப்பான்?

பேப்பர் வந்த அன்றைக்கே சரக்கு வேன் டிரைவர் கடைக்கு வந்தான். ரிப்பேர்க்காரர் பேப்பரை அவன் முன்னால் போட்டார்.

“ஊர்ல யாருய்யா இதை வாங்குனது? நம்ம கடையில வாங்கினவனை விரல் விட்டு எண்ணிடலாம்.”

“வாங்கினவனை யாரு எண்ணுறா பெரியவரே?” என்றான் அவன் சாதாரணமாக. “கிடங்குல இருந்து என் வண்டியில ஏறினா கம்பெனிக்கு அது வித்த கணக்கு. நான் உங்க வாசல்ல இறக்கிட்டேன், வித்தாச்சு. அப்புறம் நீங்க அதை வச்சு வீடு கட்டினாலும் அவனுக்கு என்ன?”

ரிப்பேர்க்காரர் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும். ஊரில் இருக்கிற சட்டியில் எல்லாம் ஒரே குழம்பை ஊற்றிவிட்டு, ‘இன்றைக்கு ஊரே இந்தக் குழம்பைத்தான் சாப்பிடும்’ என்று குறி சொல்ல ஒரு ஜோசியர் வேண்டுமா? அதிலும் இங்கே ஒருத்தனும் சாப்பிடக்கூட இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்றாவது சொல்வார்கள். இது காக்கையே கோடாலியை எடுத்துக்கொண்டு மரத்தை வெட்டுகிற கதை.

“சம்பந்திக்குத் தெரியாம இருக்கும்” என்றார் மருமகளிடம். தனக்கே நம்பிக்கை இல்லாத குரலில்தான் சொன்னார். சொந்தம் ஆயிற்றே.

மருமகள் கல்லாவை இழுத்து மூடினாள்.

“தெரியும் மாமா. போன வாரம் அம்மா வீட்டுக்குப் போனேன்ல. என் ரூம் பூட்டியிருந்துச்சு. சாவி கேட்டா அப்பா மழுப்புறாரு. ஜன்னல் வழியாப் பார்த்தேன். தரையில இருந்து கூரை வரைக்கும் கருங்கோட்டை. நான் ஹால்ல பாய் போட்டுப் படுத்துட்டு வந்தேன்.”

ரிப்பேர்க்காரருக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. “தன் வீட்டுலயே விக்காம கிடக்கு! அதை வச்சுக்கிட்டு கேடயம் வாங்குறாரா? இரு, நாளைக்குப் பொதுக்கூட்டம்தானே. மைக்கைப் பிடுங்கி நாறடிக்கிறேன்.”

“மாமா.” அவள் குரல் இறங்கிவிட்டது. “அதை மட்டும் சபையில சொல்லாதீங்க. எது வேணா பேசுங்க, அந்த ரூம் விஷயம் வேண்டாம். நான் பார்த்து வந்து சொன்னேன்னு ஆயிடும். அப்புறம் நான் அந்த வாசப்படி ஏற முடியாது.”

“அப்போ மறுபடி கையெழுத்துப் போட்டு வரச் சொல்றியா?”

“அதையும் சொல்லல. இந்த வருஷமும் முன் அலமாரி போச்சுன்னா என்னால முடியாது மாமா. ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கிற வேலை ஒண்ணு இருக்கு, அந்த நர்ஸ் அக்காவே சொன்னாங்க. நான் போயிடுவேன். கடையை நீங்க வச்சுக்கோங்க, இல்ல இழுத்து மூடுங்க.”

அவள் போனால் கடை ஏது? முன்பக்கம் நிற்க ஆள் இல்லாத கேம் கடையில் ரிப்பேர்க்காரர் யாருக்கு எதை எடுத்துக் கொடுப்பார்? ஆக, வாயைத் திறந்தால் அவளுக்குப் பிறந்த வீடு போச்சு. திறக்காவிட்டால் கடை போச்சு. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்துவிட்டது.

பொதுக்கூட்டம் ஒரு வாடகை மண்டபத்தில். வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு வரச் சொல்வார்கள், சாப்பாடும் உண்டு. பிளாஸ்டிக் நாற்காலி, கடகடக்கும் மின்விசிறி, தொட்டால் கீச்சென்று கத்துகிற மைக். முன்வரிசையில் கடைக்காரர்கள், பின்னால் அவர்கள் வீட்டுப் பெண்கள். மேடையில் ஜோசியர் அதே கோட்டோடு நின்று, திரையில் ஏறிப் போகிற கோடு ஒன்றைச் சிவப்பு வெளிச்சத்தால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

“இந்த வருஷமும் சந்தேகமே வேண்டாம். நான் பல கோணத்துல ஆராய்ஞ்சு பார்த்துட்டேன். வருஷக் கடைசியில முதலிடத்துல நிக்கப்போறது ‘கருங்கோட்டை இரண்டு’!”

கைதட்டினார்கள். கையெழுத்துத் தாள் முன்வரிசையில் கை மாறத் தொடங்கியது. அப்போதுதான் பின்கதவு திறந்து, வேன் டிரைவரும் ரிப்பேர்க்காரரும் ஆளுக்கு ஒரு முனை பிடித்து அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தார்கள். மேடைக்குக் கீழே இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மறுபடி வந்தார்கள். மறுபடி போனார்கள். மைக் முன்னால் நின்றவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. பாதி மேடையை மறைக்கிற அளவுக்குப் பெட்டி ஏறியது.

“என்ன சம்பந்தி, வீடு மாத்துறீங்களா?” என்றார் ஜோசியர். கூட்டம் சிரித்தது.

“இல்ல சம்பந்தி. வித்துப்போன சரக்கு எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் காட்டலாம்னு கொண்டு வந்தேன்.” ரிப்பேர்க்காரருக்கு மூச்சு வாங்கியது. “இது எல்லாம் போன வருஷம் வித்துப்போச்சாம். பேப்பர்ல போட்டிருக்கு. என் கட்டிலைச் சுத்தி நிக்குது. வண்டியில ஏறினாலே வித்த கணக்காம். நீங்க சொன்னதைத்தான் நாங்க ஏத்தணும்னு சட்டமும் போட்டுட்டு, அப்புறம் நான் சொன்னது பலிச்சுதுன்னு கேடயம் வாங்கினா என்னய்யா நியாயம்? மழை வரும்னு சொல்லிட்டு, மொட்டை மாடியில ஏறி நின்னு குடத்தைக் கவுக்கிறவன் ஜோசியனா?”

ஜோசியர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பரிதாபப்பட்டார்.

“எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஊர்ல எல்லாரும் வித்துட்டாங்க, நம்ம சம்பந்தியால முடியல. அவரைக் குத்தம் சொல்ல முடியுமா? டிவி கழட்டின கை. வியாபாரம் எல்லாருக்கும் படியாது. சங்கம் வேணா அவருக்குக் கொஞ்சம் உதவி செய்யலாம்.”

மறுபடி சிரிப்பு. ரிப்பேர்க்காரர் காது நுனி வரைக்கும் எரிந்தது. நாக்கு நுனியில் அந்தப் பூட்டிய அறை வந்து நின்றது. ஒரே வார்த்தை. சொன்னால் மேடையில் நிற்கிற கோட்டு காற்றுப் போன பலூன் ஆகிவிடும். பின்வரிசையைப் பார்த்தார். மருமகள் கைப்பை வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார்த்தையை விழுங்கினார். கோபம் மட்டும் இறங்கவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் மேல் திரும்பியது.

“சரிய்யா, எனக்கு விக்கத் தெரியல. உங்களுக்குத் தெரியுமே, சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரரே, எழுந்திரும். உமக்கு எப்படி?”

பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர் கையெழுத்துத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, “எனக்கென்ன… வந்த வாரமே காலி” என்றார்.

“என்னது, காலியா?”

குரல் பின்வரிசையிலிருந்து வந்தது. அவர் சம்சாரம். ஒல்லியான பெண்பிள்ளை, குரல் மட்டும் மைக் இல்லாமலே மண்டபம் தாண்டும்.

“அப்போ நம்ம மெத்தைக்கு அடியில இருக்கிறது என்ன, எங்கம்மா குடுத்தனுப்பின சீரா? புரண்டு படுத்தா அந்த வாள்காரன் முதுகுல குத்துறான். ராத்திரி ஐயோன்னா ‘சும்மா படு, நாளைக்குப் போயிடும்’ங்கிறீங்க. எந்த நாளைக்கு?”

“ஏய், உட்காரு!”

“நீங்க உட்காருங்க!”

அவ்வளவுதான். ஒரு குடத்தில் ஓட்டை விழுந்தால் போதும். ஆண்கள் ஒருத்தனுக்கு ஒருத்தன் வெட்கப்பட்டு மூடி வைத்தார்களே, பெண்களுக்கு என்ன வெட்கம்? தினமும் அந்தப் பெட்டியில் இடித்துக்கொள்கிறவர்கள் அவர்கள்தானே.

“எங்க வீட்டுல குளிக்கிற ரூம் கதவு பாதிதான் திறக்குது. நான் குறுக்கா நுழைஞ்சுடுவேன், இவரு உடம்புக்கு முடியுமா? கடைக்குப் பின்னாடி குழாயடியில குளிக்கிறாரு!”

“எங்க வீட்டுல மட்டும்தான்னு நினைச்சேனே! பக்கத்து வீட்டுல கேட்டா புதுசா சோஃபா செய்யப் போறோம், அதுக்குப் பலகைன்னு சொல்லச் சொன்னாரு!”

“எங்க மாமியார் அது மேலதான் உட்காருறாங்க. நாற்காலியை விட வாட்டமா இருக்காம்!”

முன்வரிசை முழுக்கத் தலை குனிந்துவிட்டது. ரிப்பேர்க்காரர் திறந்த வாயை மூடவில்லை. அடப் பாவிகளா! வருஷம் பூராவும் இவன்கள் விற்றுவிட்டான்கள், நாம்தான் விளங்காத ஜன்மம் என்று அந்தப் பெட்டிக்கு நடுவில் படுத்துப் புழுங்கினாரே. அவனவனும் அதே பெட்டிக்கு நடுவில் படுத்துக்கொண்டு அதையேதான் நினைத்திருக்கிறான். ஜோசியர் மேல் வந்த கோபத்தைவிட இவர்கள் மேல் வந்த கோபம் பெரிசாக இருந்தது.

“ஏன்யா, ஒருத்தன், ஒரே ஒருத்தன் வாயைத் திறந்திருந்தா…”

“திறந்தா மட்டும்?” முன்வரிசை ஓரத்திலிருந்து ஒரு அம்மாள் எழுந்தாள். ஜோசியரின் சம்சாரம் என்பதால் முன்வரிசையில் இடம் கிடைத்தவள், ரிப்பேர்க்காரரின் சம்பந்தியம்மா. மேடையைப் பார்த்துத்தான் பேசினாள். “பெத்த பொண்ணு வந்தா தங்க அவ ரூம் இல்ல. பூட்டுப் போட்டு வச்சிருக்காரு. வந்த புள்ள ஹால்ல சுருண்டு படுத்துட்டுப் போச்சு. மகளுக்கு இல்லாத இடம் அந்தக் கருங்கோட்டைக்கு இருக்கு. ‘அடுத்த பாகம் வந்தா இதுவும் சேர்ந்து போயிடும்’ங்கிறாரு. எனக்கு இதை யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியல. இப்போ சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மருமகள் எழுந்து போய் அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஜோசியர் சிவப்பு வெளிச்சத்தை அணைத்தார். “கணக்கு கம்பெனி குடுத்த கணக்குதான். நான் ஒரு பொய்யும் சொல்லல” என்றார். அது மைக்கில் சரியாக விழவில்லை. இரண்டாவது தடவை சொல்ல அவருக்கே மனசில்லை. பொய் சொல்லாமலே இவ்வளவு செய்ய முடிகிறவன் பொய் சொல்ல ஆரம்பித்தால் ஊர் என்ன ஆவது என்று ரிப்பேர்க்காரர் நினைத்துக்கொண்டார். பாவம் என்று ஒரு பொட்டுக்கூடத் தோன்றவில்லை.

கையெழுத்துத் தாளைப் பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரரின் சம்சாரமே நடந்து வந்து, புருஷன் மடியிலிருந்து எடுத்து, நான்காக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். வண்டி கூட்டாக வரட்டும், அவனவன் கடைக்கு வேண்டியதை அவனவன் போட்டுக்கொள்ளட்டும், முன் அலமாரி அவனவனுடையது என்று அரை மணி நேரக் கூச்சலுக்குப் பிறகு முடிவாயிற்று. எவனும் எதிர்த்துப் பேசவில்லை. பின்வரிசை எழுந்து நின்றுகொண்டிருந்தது. மருமகள் ஓரத்தில் இருந்த மேஜைக்குப் போய்த் தன் கடைக்கான ஆர்டரை எழுத உட்கார்ந்தாள்.

ரிப்பேர்க்காரர் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்து முதுகு படவில்லை, அதற்குள் சுற்றி ஒரு கூட்டம். பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர் தண்ணீர் பாட்டில் ஒன்றைத் திறந்து நீட்டினார். இன்னொருத்தர் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார்.

“குடிங்க பெரியவரே. நீங்க ஒருத்தர்தான் தைரியமாப் பேசுனீங்க.”

“ம்.”

“அதனால கேக்குறோம். நீங்களே சொல்லிடுங்க.”

“எதை?”

“இந்த வருஷம் எது அதிகமா விக்கும்? நீங்க கையைக் காட்டுங்க, எல்லாருமா அதையே போட்டுடறோம்.”

ரிப்பேர்க்காரர் எழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் மல்லாந்தது.

“ஏன்யா, உங்களுக்கெல்லாம் தலை இருக்கா, இல்ல அதையும் திருப்பி எடுக்க மாட்டாங்கன்னு பரண்ல ஏத்தி வச்சிருக்கீங்களா? இவ்வளவு நேரம் என்ன தொண்டை கிழியக் கத்துனேன்? எனக்கு எப்படிய்யா தெரியும் எது விக்கும்னு? உங்க கடைக்கு வர்றவன் என்ன கேக்குறான்னு ஒரு நாளாவது காதுல வாங்கினீங்களா?”

“கோவிச்சுக்காதீங்க. சும்மா ஒரு பேரு…”

“பேரா? வருஷம் முடியட்டும், வந்து கேளு. எது அதிகம் வித்துச்சுன்னு ஒரு தப்பு இல்லாம சொல்றேன்!”

அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“பெரியவரு பிடி கொடுக்க மாட்டேங்கிறாரு” என்றார் பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், குரலைத் தாழ்த்தி. “ஆனா மனசுல ஏதோ ஒண்ணு இருக்கு. மருமகள் என்ன ஆர்டர் போடுதுன்னு எட்டிப் பாருங்க.”

ரிப்பேர்க்காரர் காதில் அது விழுந்தது. முன்னால் பாய்ந்து, மருமகள் ஆர்டர் எழுதிக்கொண்டிருந்த மேஜைக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றார்.

“எழுதும்மா நீ” என்றார் திரும்பாமலே. “ஒருத்தன் கிட்ட வரட்டும், பார்க்கிறேன்.”